பால்மாப் பேணியும் அக்காவின் நித்திரையும்

என் அக்காவுக்குப் பகலில் நித்திரை வரும். ஷெல் அடிக்கிற பகலிலும் வரும். இதை நான் முதலில் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு உலகத்தில் வேறு எதன் மேலும் அவ்வளவு பொறாமை இருந்ததில்லை.

பங்குனி வெயில். என் மனிசனும் அக்காவின் மனிசன் அத்தானும் படுவான்கரைக்கு வேளாண்மை வெட்டப் போயிருந்தார்கள். வாவியை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றுக்கு இஞ்சால, கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே, தேற்றாத்தீவுக்குக் கிட்ட எங்கள் வீட்டு வளவு. ஆற்றுக்கு அங்கால எங்கள் வயல்வட்டை. அம்மா அக்காவுக்குக் கொடுத்த வயலும் எனக்குக் கொடுத்த துண்டும் அந்த வட்டைக்குள் ஒரே வரம்பைப் பங்குபோட்டுக் கொண்டு கிடந்தன. இஞ்சால ஆமி, அங்கால இயக்கம். நடுவில் ‘பாதை’ ஓடும். பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு இல்லை. ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற தட்டையான மிதவைக்குத்தான் அந்தப் பேர்.

போனவர்கள் வயலோரக் குடிசையான வாடியில் தங்கி வெட்டிச் சூடடித்து நெல்லோடு திரும்பி வருவது வழக்கம். அந்த முறை அவர்கள் போன பிறகு அங்கால சண்டை தொடங்கிற்று. பாதையை நிறுத்திவிட்டார்கள். ஆமிக் காம்பிலிருந்து எங்கள் தலைக்கு மேலால் கூவிக்கொண்டு போய் ஆற்றுக்கு அங்கால விழுந்து வெடிக்கும் ஷெல்லின் சத்தத்தை நான் வெற்றிலைத் தோட்டத்துக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றும் எங்கள் வட்டைக்குள், எங்கள் வாடிக்கு மேலேயே விழுகிற மாதிரி எனக்கு இருக்கும். இரண்டு பேரும் உயிரோடு ஆற்றைக் கடந்து வருவார்களா? எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. சோற்றை வாயில் வைத்தாலும் அதுதான், தண்ணி அள்ளினாலும் அதுதான்.

அக்கா மதியம் சாப்பிட்டுக் கையைக் கழுவி, பாயை உதறிப் போட்டு, நித்திரை கொண்டாள். குறட்டையும் விட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அதிலும் மூத்தவளுக்குத்தான் தாய் வீடு. அக்காவுக்குக் கல்வீடு கிடைத்தது. அதே வளவின் பின்பக்கத்தில் நடுவில் ஒரு வேலி போட்டு எனக்கு ஒரு மண்வீடு கட்டித் தந்தார்கள். அக்கா பள்ளிக்கூடம் போனாள், சோதனை எடுத்தாள். அம்மா வருத்தம் வந்து பாயில் விழுந்தபோது நான் அஞ்சாம் வகுப்பு. வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேணும் என்று என்னை மறித்தார்கள். அக்காவை ஏன் மறிக்கவில்லை என்று கேட்டதற்கு, “அவள் படிக்கிறாள், நீ சும்மா போய் வாறாய்” என்று அப்பா சொன்னார். அது உண்மைதான். ஆனாலும் சும்மா போய் வருவதற்கு எனக்கு விருப்பமாக இருந்தது.

வீடும் படிப்பும் போகட்டும். ஒரு மனிசிக்கு இதெல்லாம் கிடைக்கலாம், கிடைக்காமல் விடலாம். ஆனால் பயமில்லாமல் கண்ணை மூடுகிற வரத்தையுமா அவளுக்கே கொடுக்க வேண்டும்?

“எப்பிடிக்கா உனக்கு நித்திரை வருது?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். துரவடியில் நின்றோம். துரவு என்றால் மணலில் தோண்டிய கட்டில்லாத கிணறு. எங்கள் இரண்டு பேருடைய வெற்றிலைக் கொடிகளுக்கும் அந்த ஒரே துரவுத் தண்ணிதான்.

“கண்ணை மூடினா வருது. நீயும் ஒருக்கா மூடிப் பாரு கா.” எங்கள் பக்கத்தில் இளையவளையும் ‘கா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“அத்தான் அங்க. இவரும் அங்க. நீ குறட்ட விடுறாய்.”

“நான் முழிச்சிருந்தா பாதை ஓடுமா? கண்ணகைத் தாயிட்டச் சொல்லிற்றன், ரெண்டு பேரையும் கொண்டு வந்து விடு எண்டு. அவ பாத்துக் கொள்ளுவா. சொல்லிற்றுப் போய் முழிச்சிக் கொண்டிருந்தா, அவட வேலையில எனக்கு நம்பிக்கை இல்ல எண்டெல்லோ ஆகிரும்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கண்ணகை அம்மனோடு அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வைகாசியில் அம்மன் கோயிலில் நடக்கிற குளிர்த்திச் சடங்கில் உடுக்கு அடிக்கத் தொடங்கினால் அவளுக்கு உடம்பு ஆடும். ஆடி முடிந்ததும் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்து, “வாங்க, வீட்ட போவம், ஆணம் வைக்கல்ல” என்பாள். கடவுள் வந்து போனதும் சோற்றுக்கு ஆணம் வைக்க வேண்டியதும் அவளுக்கு ஒரே அளவு விசயம். நானும் பக்கத்தில்தான் நிற்பேன். எனக்கு ஒரு நாளும் ஒரு விரல்கூட ஆடியதில்லை. என்னைத் தாண்டிப் போய்த்தான் அம்மன் அவளிடம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு இருந்தது ஒரு பால்மாப் பேணி, பால்மா தீர்ந்த பிறகு எடுத்து வைத்த தகர டப்பா.

மஞ்சள் தண்ணியில் நனைத்த துணித்துண்டில் ஒரு காசை வைத்து முடிந்து, இது நடந்தால் கொண்டு வந்து போடுகிறேன் என்று நேர்ந்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மற்ற வீடுகளில் அப்படி ஒன்றோ இரண்டோ சாமித்தட்டில் இருக்கும். நான் பயப்படுகிற ஆள். பயம் வந்தால் என் கை துணியைக் கிழிக்கத் தொடங்கிவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்று, மாடு கன்று போடத் தாமதித்தால் ஒன்று, ஹெலி தாழப் பறந்தால் ஒன்று. பேணி நிறைந்து மூடி பூட்ட மறுத்தது. எழுதி வைக்க எனக்கு மனமில்லை, என் எழுத்தை நானே திரும்பி வாசிக்கக் கஷ்டப்படுவேன். அதனால் ஒரு முறை வைத்திருந்தேன். அடியில் சித்தாண்டி முருகனுக்கு உரியவை. மேலே ஒரு காய்ந்த வெற்றிலை. அதற்கு மேலே பிள்ளையாருடையவை, மறுபடியும் வெற்றிலை. பிறகு கண்ணகை அம்மன், அதற்கும் மேலே மாதா. எல்லாவற்றுக்கும் மேலே, காத்தான்குடி வியாபாரி ஒருவர் முன்னொரு காலத்தில் சொல்லித் தந்த, தர்காவில் அடங்கியிருக்கிற அவுலியாவுக்கு ஒன்று. அந்த வியாபாரி எங்கள் ஊருக்கு வந்து வெற்றிலை வாங்குவது நின்று கனகாலம். அவருடைய அவுலியாவின் முடிச்சு மட்டும் பேணிக்குள் இருந்தது.

அக்காவுக்கு இந்தப் பேணி ஒரு பகிடி.

“எல்லாரையும் கூப்பிட்டு வச்சிருக்காய். முருகன் பாப்பார் எண்டு பிள்ளையார் இருப்பார், பிள்ளையார் பாப்பார் எண்டு முருகன் இருப்பார். கடைசியில ஒருத்தரும் வரமாட்டாங்க, பாரு.”

நான் சிரிக்கவில்லை. அன்று பகல் முழுவதும், அப்படியும் நடக்கக் கூடுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் அதற்காகப் பிள்ளையாருக்கு இன்னுமொன்று முடிந்தேன்.

பாதை நின்றுபோயிருந்த அந்த நாட்களில்தான் சுற்றிவளைப்பு வந்தது. விடிய வெள்ளண, நாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தன. வேலியோரம் முழுக்க ஆமி. ஆம்பிளைகள் எங்கே என்று கேட்டார்கள். “வயல், வயல்” என்று அக்கா கையைக் காட்டினாள். அவளுடைய குரலில் நடுக்கம் இல்லை என்பதையும் நான் அந்தப் பயத்துக்குள் கவனித்தேன். பொறாமைக்கு அப்படி ஒரு கண் உண்டு.

என் வீட்டுக்குள் இரண்டு பேர் போனார்கள். ஒருவன் நெல் மூட்டைக்குள் இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தான். மற்றவன் சாமித்தட்டில் இருந்த பேணியை எடுத்தான். அது கலகலவென்று சத்தம் போட்டது. அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்லக் குனிந்து, பிறந்த பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி அதை வாசல் மணலில் வைத்துவிட்டுப் பின்னால் போய்த் துவக்கை என் பக்கம் நீட்டினான். திறக்கச் சொல்கிறான் என்று விளங்கியது. என் மூத்த பிள்ளை என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைத் தள்ளி விட்டுவிட்டுப் போய்க் குந்தினேன். மூடி வரவில்லை. நான்தானே அதை அப்படி அடைத்து வைத்தவள். இழுத்த இழுவையில் மூடி கழன்று, பேணி கவிழ்ந்து, எல்லாம் மணலில் கொட்டுண்டன. காய்ந்த வெற்றிலைகள் நொறுங்கிப் பறந்தன. முருகனும் பிள்ளையாரும் மாதாவும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள்.

“மொகத மே?” என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

ஒன்றை எடுத்து அவிழ்த்தான். காசு. இன்னொன்றையும் அவிழ்த்தான். அதற்குள்ளும் காசு. மஞ்சள் துணியை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தான். அவனுடைய முகம் மாறியது.

“ஆ… பண்டுர!” என்று உள்ளே நின்றவனைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னான். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. அவர்களும் இப்படித்தான் மஞ்சளில் நனைத்துக் காசு முடிந்து நேர்ந்து வைப்பார்கள் என்று பின்னாலேதான் ஒருவர் சொல்லி அறிந்தேன். அப்போது நான் கண்டது அவனுடைய கையைத்தான். துவக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு மணலில் குந்தியிருந்து, தான் அவிழ்த்த இரண்டையும் அவன் திரும்ப முடிந்தான். நாங்கள் முடிவது மாதிரி இல்லை. துணியின் நுனியை இடப்பக்கமாகக் முடிச்சின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய், உள்ளுக்குள் செருகி இறுக்கினான். முடிந்ததை நெற்றியில் ஒற்றிப் பேணிக்குள் போட்டான். ஏதோ சொன்னான். அதில் அம்மா என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. எழும்பி மணலைத் தட்டிவிட்டு அடுத்த வளவுக்குள் போனான். அங்கே அவன் எதைக் கவிழ்த்தானோ தெரியாது.

வேலிக்கு அப்பால் இருந்து அக்கா எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“உன்ட பேணியை ஆமிக்காரனே கும்பிட்டிற்றான் கா. இனி என்ன, அதுக்கும் ஒரு கோயில் கட்டுவம்.”

நான் குவியலுக்கு முன்னால் இருந்து அழுதேன். பயத்தால் இல்லை, எது எவருக்கு என்று இனித் தெரியாது என்பதால். இவர் உயிரோடு வர வேண்டும் என்று நேர்ந்த முடிச்சுகள் மாட்டுக்கும் காய்ச்சலுக்கும் நேர்ந்தவற்றோடு கலந்துவிட்டன. அவன் முடிந்த இரண்டு மட்டும் பார்த்த உடனே தெரிந்தன. அதில் ஒன்று வெளியே எடுக்கும்போதே கையில் அவிழ்ந்துபோயிற்று. மற்றதை மேலே வைத்து மூடினேன். பேணியைச் சும்மா அடிக்கடி திறந்து அதைப் பார்ப்பேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவிடம் இல்லாத ஒரு சாமான் என்னிடம் இருந்தது, அதுவாகவும் இருக்கலாம்.

பிறகு ஒரு நாள் சத்தங்கள் ஓய்ந்தன. பாதை ஓடுதாம் என்று கதை வந்தது. நான் துரவடியில் நின்றபடி ஆற்றுப் பக்கமிருந்து வருகிற ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனிசன் வந்தார். தனியே வந்தார். கையில் பையில்லை, நெல்லில்லை, உடுத்திருந்த சாரத்தில் சேறு காய்ந்து கிடந்தது. வாளி என் கையை விட்டுத் துரவுக்குள் விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அப்போதும் நித்திரையில்தான் இருந்திருக்கிறாள்.

“வந்திற்றீங்களா தம்பி? அவர் எங்க, பின்னால வாறாரா?”

இவர் நிலத்தைப் பார்த்தார்.

“பாதையால இறங்கின இடத்தில ஆமி எல்லாரையும் வரிசையில விட்டாங்க, அக்கா. ஜீப்புக்குள்ள ஒருத்தன், முகத்துக்குச் சாக்கு. ஒவ்வொருத்தரா முன்னால போய் நிக்கணும். நான் போனன், அவன் சும்மா இருந்தான். எனக்குப் பின்னால அண்ணன். அவருக்குத் தலையை ஆட்டிற்றான், இயக்கம் எண்டு.”

“ஏன்?”

“ஏன் எண்டு ஆருக்குத் தெரியும்? இலையான் மொய்ச்சதுக்கு ஆட்டினானோ என்னவோ. புடிச்சிக் கொண்டு போயிற்றாங்க.”

அக்கா அவரை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பாயைச் சுருட்டிச் சுவரோடு நிமிர்த்தி வைத்தாள். அதன் பிறகு அவள் பகலில் படுத்து நான் காணவில்லை.

அந்த முடிச்சை விட்டால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அக்காவிடம் இல்லாத ஒன்று என் வீட்டுக்குள் இருந்தது. அது என் வாசலில் இருந்து சோறு தின்றது, சுருட்டுக் குடித்தது, இருமியது. நான் சந்தோசப்பட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், நிறையச் சந்தோசப்பட்டேன். ஆனால் அதை எந்த இடத்தில் வைத்துச் சந்தோசப்படுவது? நான் சிரித்தால் அக்கா வீட்டுக்குக் கேட்கும். ஊர்ச்சனம் முழுக்க அக்காவின் கல்வீட்டு வாசலில். என் மனிசன் உயிரோடு வந்ததை எவரும் வந்து கேட்கவில்லை. வந்தவன் வந்துவிட்டான், அதில் கதைக்க என்ன இருக்கிறது? இவரும் விடிந்தால் அக்காவின் கொடிகளுக்குத்தான் முதலில் தண்ணி வார்ப்பார். “அவ தனிய” என்பார். எங்கள் கொழுந்துகள் வாடும். காம்பில் புருசன் கிடக்கிற அக்காவின் மேல் பொறாமைப்படுகிற ஒருத்தி இருப்பாளா என்று கேட்பீர்கள். இருந்தாள். வாடின கொழுந்துகளைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

அப்படி நின்ற ஒரு நாளில் அக்கா வேலியைத் தாண்டி வந்தாள். கண் இரண்டும் உள்ளுக்குப் போயிருந்தன.

“புள்ள, அந்தப் பேணிக்குள்ள ஒண்டு தாறியா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “புதுசா ஒண்டு முடிஞ்சு தாறன் அக்கா. மஞ்சள் கிடக்கு.”

“புதுசு வேணாம். நீ வச்சிக் கும்பிட்டதில ஒண்டு.”

“அது எந்தச் சாமிக்கு எண்டு எனக்கே தெரியாது. எல்லாம் கலந்து போயிற்றெல்லோ.”

“ஆருக்கெண்டாலும் பரவால்ல.” வேலித்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்குக் கேக்கத் தெரியாது கா. நான் சொல்லித்தான் பழக்கம். இப்பிடிச் செய் தாயே எண்டு சொல்லுவன், நடக்கும். இப்ப சொல்லச் சொல்ல வாய்க்குள்ள வெறும் காத்துத்தான் வருது. நீ சின்னனிலேருந்து கேட்டுக் கொண்டே இருக்கிறாய். உனக்கு வந்திற்றார்.”

வீட்டை எடுத்தாய், படிப்பை எடுத்தாய், அம்மனை எடுத்தாய், இப்போது என் பயத்துக்கும் கை நீட்டுகிறாயா? இப்படித்தான் என் மனம் ஓடியது. ஆனாலும் கால் உள்ளே போனது. பேணியைக் கொண்டு வந்து திறந்து நீட்டினேன். நிறைந்த பேணி அது. அத்தனை முடிச்சுக்குள்ளும் அவள் எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? மேலே கிடந்ததைத்தான். இடப்பக்கமாகச் சுற்றிச் செருகியதை.

அதை விட்டுவிடு, வேறு எடு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அது அந்த ஆமிக்காரன் முடிந்தது என்று சொன்னால் வீசிவிடுவாள். அவளுடைய மனிசனைக் கொண்டு போனதும் அதே சட்டைதானே. சொல்லாவிட்டால் என்னுடைய அந்த ஒரு சாமான் போய்விடும். வாயைத் திறக்க முன்னம் அவள் அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

பிறகு காம்ப் வாசல். அக்காவோடு நானும் போவேன். தனியே பஸ்ஸில் விட இவர் சம்மதிக்க மாட்டார். வெயிலில் பெண்டுகள் வரிசையாக நிற்போம். “நாளைக்கு வா” என்பார்கள். நாளைக்குப் போனால் “பெரியவர் இல்ல” என்பார்கள். செட்டிபாளையத்துப் பக்கத்துத் தாய் ஒருத்தி தினமும் மகனுக்கு ஒரு பார்சல் சோறு கொண்டு வருவாள், உள்ளே எடுக்க மாட்டார்கள், எங்களோடு பங்கிட்டுத் தின்றுவிட்டுப் போவாள். “அவன் திண்ட மாதிரித்தான்” என்பாள். அக்கா சீலைத் தலைப்பில் இருந்த முடிச்சை விரலால் உருட்டிக்கொண்டே நிற்பாள். நான் உள்ளே போய் வருகிற ஒவ்வொரு ஆமிக்காரனின் முகத்தையும் பார்ப்பேன். அவனைக் கண்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. கண்டிருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ. அவனுடைய கையைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது ஒருக்கா அக்கா கேட்டாள். “நீ கேக்கக்குள்ள என்ன சொல்லிக் கேப்பாய்?”

“ஒண்டும் சொல்லமாட்டன். பயப்பிடுவன். பயந்து கொண்டே முடிவன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் சன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தாள். “அப்ப நானும் கேட்டுக் கொண்டுதான் இருக்கன்” என்றாள்.

எனக்கு அது இடித்தது. அத்தனை வருசமாக நான் நடுங்கிக்கொண்டு முடிந்தவை வழிபாடு என்று எனக்கே தெரியாது. பயந்தவளின் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அக்காவுடையதுதான் பக்தி, என்னுடையது வியாதி. அவளோ பழகிக் கொஞ்ச நாளைக்குள் அதற்கு ஒரு பேரையும் வைத்துவிட்டாள். படித்தவள் அல்லவா.

வைகாசி பிறந்து, கோயிலில் குளிர்த்திக்குப் பந்தல் போடத் தொடங்கிய நேரம் அத்தான் வந்தார். விடியப் பஸ்ஸில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். போட்டிருந்தது வேறு எவருடையதோ சேட்டு. ஒரு காலில் மட்டும் செருப்பு. ஒழுங்கையால் வந்து, வீட்டுக்குள் போகாமல் நேரே துரவடிக்குப் போய்க் குந்தினார். அக்கா வாளியை எடுத்து அவருடைய தலையில் தண்ணியை வார்க்கத் தொடங்கினாள். வார்த்துக்கொண்டே இருந்தாள். இவர் போய், “போதும் அக்கா, சளி புடிச்சிரும்” என்று வாளியை வாங்கினார். நான் வேலிக்கு இஞ்சால நின்று என் முகத்தைத் துடைத்தேன். அந்த நேரம் மட்டும் எனக்கு அவள் மேல் ஒரு பொறாமையும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம்தான்.

அத்தான் கனகாலம் கதைக்கவில்லை. பகலெல்லாம் படுத்துக் கிடப்பார். அக்கா சுவரோடு நிமிர்த்தி வைத்த பாயை எடுத்து அவருக்கு விரித்தாள். பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டு, ஒழுங்கையில் நாய் குரைத்தால் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து திரும்பவும் இருப்பாள். இருமினால் பார்ப்பாள், இருமாவிட்டாலும் பார்ப்பாள். அந்தப் பழைய நித்திரை அவளுக்குத் திரும்பி வரவேயில்லை. நான் பொறாமைப்பட்டது அதன் மேல்தானே? அது போனபோது எனக்கும் ஏதோ போன மாதிரி இருந்தது. அந்தக் குறட்டைச் சத்தம் பின்வளவு வரை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் ஒருத்தியாவது பயமில்லாமல் கிடக்கிறாள் என்று எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கிறது.

குளிர்த்திக்கு முதல் நாள் அவள் முடிச்சைக் கொண்டு வந்தாள்.

“இதைக் கொண்டுபோய் எங்க போடுறது? எந்தச் சாமிக்கு எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாரு கா. நேர்ந்தது பிழைச்சிரக் கூடாது.”

மறைக்க எனக்கு முடியவில்லை. நேர்த்தி விசயத்தில் பொய் சொல்லிவிட்டு எத்தனை முடிச்சு முடிவது? “அது நான் முடிஞ்சது இல்ல அக்கா” என்றேன். “அண்டைக்கு அவன் அவிழ்த்துப் போட்டு, அவனே முடிஞ்சது. பாரு, இடப்பக்கம் சுத்தியிருக்கு.”

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வீசப் போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே அத்தான் இருமினார். அவளுடைய தலை அந்தப் பக்கம் திரும்பி, மறுகா முடிச்சுக்குத் திரும்பியது.

“நெத்தியில ஒத்தினான், என்ன?”

“ஓம்.”

“என்னவோ சொன்னானே.”

“அம்மா எண்டு மட்டும் விளங்கிச்சு.”

“அவன்ட அம்மாவும் அங்க ஒரு பேணி வச்சிருப்பா” என்றாள் அக்கா. “உன்னை மாதிரி, மூடி பூட்ட மாட்டாத பேணி.”

அடுத்த நாள் அந்தக் காசைக் கண்ணகை அம்மனுக்கே போட்டாள். “ஆருக்கெண்டு தெரியாட்டி எங்கட தாயிட்டக் குடுப்பம். அவ சேர்க்கிற இடத்தில சேர்ப்பா.” அந்த வருசம் உடுக்கு அடித்தபோது அவளுக்கு உடம்பு ஆடவில்லை. அத்தானின் கையைப் பிடித்தபடி சும்மா நின்றாள். இருந்தும் சனம் விலகி அவளுக்கு முன்னால் இடம் விட்டது. அதையும் நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சொன்ன அந்தப் பேச்சு எனக்குள் இருந்து குத்தியது. அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? அவனுடைய கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்தச் சொல்லைக் காதால் கேட்டவள் நான். பேணியைத் திறந்து திறந்து அந்த முடிச்சைப் பார்த்தவளும் நான். இரண்டு மாதமாக எனக்குத் தோன்றாத அந்த அம்மா, ஒரு பார்வையில் அக்காவுக்குத் தோன்றிவிட்டாள். வீட்டைப் போலவே அதுவும் அவளுக்கு முதலில் கிடைத்தது.

அத்தானைக் கொண்டு போனவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. சாக்குக்குள் இருந்து தலையாட்டியவனையும் மன்னிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அன்று பின்னேரம் நான் மஞ்சள் கரைத்தேன். ஒரு துணித்துண்டு கிழித்தேன். காசை வைத்தேன். எனக்குத் தெரியாத ஊரில், எனக்குத் தெரியாத பாசையில், என்னைப் போல நடுங்கிக்கொண்டு இருக்கிற ஒரு மனிசியின் பிள்ளைக்காக, அவனுடைய முறையில், நுனியை இடப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் உள்ளுக்குள் செருகினேன். முதல் இரண்டு தரமும் அவிழ்ந்துபோனது. மூன்றாம் தரம் நின்றது. மற்றவற்றோடு கலந்து போகாமல் இருக்க, பேணியின் அடியில் போட்டு, மேலே ஒரு வெற்றிலையை வைத்து மூடினேன்.

அந்தப் பேணிக்குள் எவருக்காக நேர்ந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான். அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று தெரியாததால் அதை இன்னும் எந்தக் கோயிலிலும் போடவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அதையும் கேட்பாள்.